சிங்காநல்லூர்: குளக்கரையும் கல்யாண மண்டபமும் கேமராவுக்கு வைக்கும் பரீட்சை

காலை ஆறு மணி. கோவை சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் திருச்சி, மதுரை, தஞ்சாவூர் பஸ்களுக்குக் காத்திருப்பவர்கள் டீ கிளாஸோடு நிற்கிறார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், குளத்துக்கரையில் வேறொரு கூட்டம். பாதிப் பேர் வாக்கிங் வந்தவர்கள். மீதிப் பேர் தோளில் பை, கையில் டிரைபாட் என்று வந்து, சத்தம் போடாமல் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இவர்களில் பறவை ஆர்வலர்கள் உண்டு. விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் பிள்ளைகள் உண்டு. கல்யாண வீடியோ எடுப்பவர்களும் உண்டு. முகூர்த்தம் இல்லாத நாட்களில் புதுக் கேமராவையும் புது லென்ஸையும் பழகிப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும்: ‘ஏனுங்ண்ணா, வீடியோவுக்கு எந்த மிரர்லெஸ்ஸுங்க வாங்கலாம்?’

ஒரே வரியில் பதில் கிடைக்காது. ஆனால், அந்தக் கேள்விக்கான பதிலைத் துண்டு துண்டாகச் சேகரிக்க சிங்காநல்லூரைச் சுற்றி வந்தாலே போதும்.

கண்ணாடி போன கதை

நொய்யல் ஆற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் கோவையின் பழைய குளங்களில் சிங்காநல்லூர் குளமும் ஒன்று. பரப்பு 288 ஏக்கர். 2017-ல் இதை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக மாநகராட்சி அறிவித்தது. கழிவுநீரும் ஆகாயத்தாமரையும் பாடாய்ப் படுத்தியும், கூழைக்கடா, பாம்புத்தாரா, நீர்க்காகம், முக்குளிப்பான், புள்ளிமூக்கு வாத்து, நீலத் தாழைக்கோழி என்று பறவைகள் இந்தக் குளத்தைக் கைவிடவில்லை.

இங்கே வெயில் ஏற ஆரம்பித்ததும் முதல் பாடம் நடக்கும். தண்ணீர் கண்ணாடி மாதிரி மின்னும். கேமராவின் பின்பக்கத் திரையில் என்ன தெரிகிறது என்றே புரியாது. பழைய டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் துண்டைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு எட்டிப் பார்ப்பது இதனால்தான்.

டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி சாய்ந்து நிற்கும். லென்ஸ் வழியே வரும் காட்சியை அது மேலே திருப்பி, கண் வைத்துப் பார்க்கும் துளைக்கு அனுப்பும். வீடியோ எடுக்கும்போது அந்தக் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சென்சாருக்கு ஒளி போகாது. கண்ணாடி தூக்கியதும் துளை இருண்டுவிடும். ஆகவே, டிஎஸ்எல்ஆரில் வீடியோ என்றால் பின்திரை ஒன்றுதான் கதி. 2008-ல் வந்த கேனான் 5டி மார்க் 2, சினிமாக்காரர்களையே திரும்பிப் பார்க்க வைத்த கேமரா. அதற்கும் இதே கதிதான்.

அதே 2008-ல், கண்ணாடியே வேண்டாம் என்று பானசோனிக் ஜி1 என்ற கேமராவைக் கொண்டுவந்தது. சென்சாரில் விழும் காட்சியையே ஒரு குட்டித் திரையில் காட்டி, அதைக் கண்ணருகே வைத்துவிட்டார்கள். அதுதான் இன்று எல்லோரும் சொல்லும் மிரர்லெஸ். ஜி1-ல் வீடியோ கிடையாது. அடுத்த ஆண்டு வந்த ஜிஎச்1-ல் வந்தது. 2014-ல் ஜிஎச்4 வந்தபோது, 4கே வீடியோவை கேமராவுக்குள் இருக்கும் கார்டிலேயே பதிவு செய்யும் முதல் மிரர்லெஸ் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. வீடியோவுக்கென்றே பெயர் வாங்கிய சோனி இஸட்வி-இ10-ல் அந்தக் கண் வைக்கும் துளை இல்லை. தன்னைத் தானே படம் பிடித்துக்கொள்ளும் யூடியூபர்களுக்காகச் செய்தது என்பதால், அவர்களுக்கு அது தேவைப்படாது என்று விட்டுவிட்டார்கள். வீட்டுச் சமையலறையில் இது குறையே இல்லை. குளக்கரையில் பெரிய குறை. இதே விலை வட்டாரத்தில் வரும் கேனான் ஆர்50-ல் துளை உண்டு. இரண்டையும் கடையின் ஏசி அறையில் வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது.

தாழைக்கோழியின் கண்

ஆகாயத்தாமரை இலைகளுக்கு நடுவே நீலத் தாழைக்கோழி நடக்கும்போது கேமராவுக்கு உண்மையான சோதனை வருகிறது. பழைய கேமராக்களின் ஆட்டோஃபோகஸ் முன்னால் நிற்கும் இலையைப் பிடித்துக்கொள்ளும். பறவை மங்கலாகும். மறுபடி பறவையைத் தேடும், மறுபடி இலைக்கு ஓடும். போட்டோவில் பத்தில் ஒன்று தேறினால் போதும். வீடியோவில் ஒரு முறை தடுமாறினால் அந்தக் காட்சி முழுவதும் வீண்.

இதில்தான் கடந்த சில ஆண்டுகளில் பெரிய மாற்றம். பறவையின் கண்ணைக் கண்டுபிடித்து அதையே விடாமல் தொடரும் வசதி வந்துவிட்டது. சோனி ஏ6700, நிகான் இஸட்6 மூன்றாம் பதிப்பு, ஓஎம் சிஸ்டம் ஓஎம்-1 போன்றவற்றில் பறவைக்கென்றே தனித் தேர்வு இருக்கிறது. ஆர்50 விலங்குகள் என்ற பிரிவிலேயே பறவையையும் சேர்த்துக்கொள்கிறது. இஸட்வி-இ10 வீடியோவில் மனிதக் கண்ணைத்தான் தேடும். பறவைக்கு அது சரிப்படாது.

அடுத்தது தூரம். கூழைக்கடா நம் வசதிக்குக் கரைக்கு வந்து நிற்காது. 600 மி.மீ. லென்ஸ் என்றால் பணமும் எடையும் சேர்ந்து தோளை அழுத்தும். இங்கே சின்ன சென்சாருக்கு ஒரு லாபம் இருக்கிறது. பானசோனிக்கும் ஓஎம் சிஸ்டமும் பயன்படுத்தும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார், முழு ஃபிரேம் சென்சாரின் குறுக்களவில் பாதி. அதில் 300 மி.மீ. லென்ஸ் போட்டால், முழு ஃபிரேமில் 600 மி.மீ. போட்ட அளவுக்குக் காட்சி நெருங்கி வரும். பை பாதி எடையாகிவிடும். ‘ஃபுல் ஃபிரேம்தான் கெத்து’ என்று பேசுபவர்கள், குளத்தை ஒரு சுற்று சுற்றி வந்த பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்வது உண்டு.

காற்றையும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், நீள லென்ஸ் டிரைபாடிலேயே நடுங்கும். மைக்கில் காற்று இரைச்சல் தவிர வேறு எதுவும் பதிவாகாது. கேமராவோடு வரும் மைக்கை நம்பினால், பறவைச் சத்தத்துக்குப் பதில் புயல் சத்தம்தான். தனி மைக்கும் அதற்கு மேல் ரோமம் வைத்த உறையும் போட வேண்டும். எந்தப் பிராண்டாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

சாய்ந்து போகும் ரயில்

போத்தனூர் - இருகூர் ரயில் பாதை இந்தப் பக்கமாகத்தான் போகிறது. ரயில் வரும் சத்தம் கேட்டால் சில இளைஞர்கள் சட்டென்று கேமராவைத் திருப்புவார்கள். ரயில் மோகம் ஒரு காரணம். கேமராவின் பலவீனத்தை ஒரே நிமிடத்தில் காட்டிக்கொடுக்கும் கருவியும் அந்த ரயில்தான்.

சென்சார் ஒரு படத்தை முழுசாக ஒரே நொடியில் எடுத்துவிடுவதில்லை. மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை வரிசையாகப் படிக்கிறது. மெதுவாகப் படிக்கும் கேமராவுக்கு இதற்கு நொடியில் முப்பதில் ஒரு பங்கு ஆகலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் அந்த நேரத்துக்குள் அரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். விளைவு, நேராக நிற்க வேண்டிய ஜன்னல்கள் எல்லாம் பதிவில் சாய்ந்து நிற்கும். நொடியில் நூறில் ஒரு பங்கில் படித்து முடிக்கும் கேமராவில் ரயில் நகர்வது 17 சென்டிமீட்டர்தான். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது.

இதற்குப் பெயர் ரோலிங் ஷட்டர். இஸட்வி-இ10-ல் 4கே எடுக்கும்போது இந்தச் சாய்வு நன்றாகவே தெரியும். சோனி ஏ7எஸ் 3, நிகான் இஸட்6 மூன்றாம் பதிப்பு ஆகியவை இதில் வேகமானவை. பறவை சிறகடிப்பது, கேமராவை வேகமாகத் திருப்புவது, மண்டபத்தில் சுற்றும் ஃபேன் என எல்லாவற்றிலும் இதே சங்கதிதான். விளம்பரத்தில் இத்தனை மெகாபிக்சல் என்று பெரிதாகப் போடுகிறார்களே தவிர, சென்சார் படிக்கும் வேகத்தை எங்கும் போடுவதில்லை. வாங்குவதற்கு முன் ஒரு ரயிலையாவது எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இதே ஊரில் அன்று

கேமராவைப் பற்றி சிங்காநல்லூரில் பேசும்போது சென்ட்ரல் ஸ்டூடியோவைத் தாண்டிப் போக முடியாது. இன்று கார் ஷோரூம்களும் ஆஸ்பத்திரிகளும் வரிசை கட்டும் இதே திருச்சி சாலையில்தான் அது இயங்கியது. 1930-களின் நடுவில் தொடங்கப்பட்ட ஸ்டூடியோ. தமிழ் சினிமாவில் பாதி சென்னைக்குப் போவதற்கு முன்னால் இங்கேதான் இருந்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால், கோவைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

எம்.கே.தியாகராஜ பாகவதர் நடித்த ‘ஹரிதாஸ்’ இங்கே எடுக்கப்பட்டது. 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். எம்.ஜி.ஆர் முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ 1947-ல் ஜூபிடர் நிறுவனம் இங்கே எடுத்தது. அதில் வசனப் பணிக்காக வந்த இளைஞர் மு.கருணாநிதி, சிங்காநல்லூரில் வாடகை வீட்டில் குடியிருந்தார். பின்னாளில் மெல்லிசை மன்னர் ஆன எம்.எஸ்.விஸ்வநாதன், ஜூபிடரில் எடுபிடி வேலை பார்த்த பையனாக இங்கே சுற்றிவந்தார். புலியகுளம் பக்கம் இருந்த பட்சிராஜா ஸ்டூடியோவில் ‘மலைக்கள்ளன்’ வந்தது. இன்னும் பின்னால் போனால், சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டு, 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் தியேட்டரையே கட்டினார்.

அன்றைய கேமராக்காரருக்கு இருந்த கணக்கைக் கேட்டால் இன்றைய தலைமுறைக்குத் தலை சுற்றும். 35 மி.மீ. ஃபிலிம் 1,000 அடி சுருள் ஒன்று ஓடுவது சுமார் 11 நிமிடம். அதற்குள் முடிக்க வேண்டும். வசனம் தப்பினால் அத்தனை அடியும் குப்பை. கேமரா ஓடும் சத்தம் மைக்கில் விழக் கூடாது என்று அதன் மேல் கனமான மூடி போடுவார்கள். எடுத்தது சரியாக வந்ததா என்பது ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும். அந்த நிலையிலும் நடிகர் நகர்ந்தால் ஃபோகஸை நகர்த்துவதற்கென்றே ஒரு மனிதர் பக்கத்தில் நின்றார். இன்று ஒரு சின்னச் சில்லு பார்க்கும் வேலை அது.

எடுத்ததை உடனே பார்க்கலாம், அழிக்கலாம், மறுபடி எடுக்கலாம் என்ற சுதந்திரம் பெரியதுதான். ஒரே ஓர் இடத்தில் மட்டும் இன்றும் மறுபடி எடுக்க முடியாது.

தாலி கட்டும் நேரம்

ஆவணியும் தையும் வந்தால் திருச்சி சாலையிலிருந்து ஒண்டிப்புதூர், இருகூர் வரை மண்டபங்களில் சீரியல் விளக்கு எரியும். கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் முகூர்த்தம் பெரும்பாலும் விடியற்காலை. வீடியோகிராபர் முந்தின நாளே வந்து, இணைச்சீர் தொடங்கி ஒவ்வொரு சீரையும் எடுத்து, தூக்கம் இல்லாத கண்ணோடு தாலி கட்டும் அந்த ஒரு கணத்துக்குக் காத்திருப்பார். ‘இன்னொரு டேக் போகலாமுங்களா?’ என்று அருமைக்காரரிடம் கேட்க முடியாது.

அதனால் மண்டபத்துக்குக் கேமரா தேடுபவர் பார்க்க வேண்டிய முதல் விஷயம் கார்டு போடும் இடம் ஒன்றா, இரண்டா என்பது. கார்டு கெட்டுப்போவது அபூர்வம்தான். ஆனால், கெட்டுப்போனால் ஒரு குடும்பத்தின் நாளே போய்விடும். பணத்தைத் திருப்பிக் கொடுத்துத் தீர்க்கிற விஷயம் இல்லை. இஸட்வி-இ10, ஆர்50, ஏ6700 மூன்றிலும் ஒரே கார்டுதான். சோனி ஏ7எஸ் 3, கேனான் ஆர்6 மார்க் 2, பானசோனிக் எஸ்5 மார்க் 2 ஆகியவற்றில் இரண்டு கார்டுகளிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்யலாம். குளக்கரையில் ஏ6700 அருமையான கேமரா. முகூர்த்தத்துக்கு அதை மட்டும் தனியாக நம்பிப் போவது துணிச்சல்.

இரண்டாவது, நிற்காமல் ஓடுவது. கொங்குக் கல்யாணத்தில் மங்கல வாழ்த்து உண்டு. கம்பர் பாடிக் கொடுத்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. சொல்லி முடிக்க நேரம் எடுக்கும். நடுவில் வெட்டக் கூடாது. பழைய கேமராக்கள் பல, 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். அரை மணிக்கு மேல் பதிவு செய்தால் அதை வீடியோ கேமரா என்று கணக்கிட்டு ஐரோப்பாவில் கூடுதல் இறக்குமதி வரி போட்டார்கள். அதிலிருந்து தப்பிக்கக் கம்பெனிகள் வைத்த கடிவாளம் அது. எங்கோ போட்ட வரி, இங்கே எத்தனை மங்கல வாழ்த்துகளின் வாலை வெட்டியதோ!

இப்போது அந்தக் கடிவாளம் பெரும்பாலும் போய்விட்டது. ஆர்50 ஒரு மணி நேரம் வரை ஓடும். ஆர்6 மார்க் 2 ஆறு மணி நேரம் வரை பதிவு செய்யும் என்கிறார்கள். ஆனால், சூடு என்று ஒன்று இருக்கிறது. 4கே-யில் நொடிக்கு 60 ஃபிரேம் எடுத்தால், மண்டப மேடை விளக்குகளின் வெக்கையில் கேமரா சூடாகி நின்றுவிடலாம். எஸ்5 மார்க் 2-ல் பானசோனிக் உள்ளேயே ஒரு குட்டி ஃபேன் வைத்துவிட்டது. நேரக் கட்டுப்பாடும் இல்லை. சோனி எஃப்எக்ஸ்3-யிலும் ஃபேன் உண்டு. 2023-ல் வந்த ‘தி கிரியேட்டர்’ என்ற ஹாலிவுட் படம் இந்தக் கேமராவில் எடுக்கப்பட்டது என்பது வீடியோகிராபர்கள் மத்தியில் பெரிய பெருமை. ஹாலிவுட் இயக்குநர் மறுபடி எடுக்கலாம் என்பதை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, பலரும் தடுக்கி விழும் இடம்: மின்விளக்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். நொடிக்கு 30 ஃபிரேம், ஷட்டர் 60-ல் ஒரு பங்கு என்று யூடியூபில் வெளிநாட்டுக்காரர் சொன்னதை அப்படியே வைத்தால், வீடியோ முழுக்கப் பட்டை பட்டையாக ஓடும். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 50-ல் ஒரு பங்கு. அல்லது 50 ஃபிரேம், 100-ல் ஒரு பங்கு. இதற்குக் காசு செலவில்லை. சில சீரியல் விளக்குகள் இதற்கும் அடங்காது என்பது வேறு கதை.

நிறத்தையும் கவனிக்க வேண்டும். அரக்குப் பட்டு, தங்க நகை, வெள்ளை வேட்டி, ஓம குண்டத் தீ என எல்லாம் ஒரே ஃபிரேமில் வரும். 8 பிட் பதிவில் ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிகள். 10 பிட்டில் 1,024. பிறகு கம்ப்யூட்டரில் வெளிச்சத்தைச் சரிசெய்யும்போது, 8 பிட்டில் பட்டின் அரக்கு திட்டுத் திட்டாக உடையும். இஸட்வி-இ10-ன் முதல் பதிப்பு 8 பிட்தான். 2024-ல் வந்த இரண்டாம் பதிப்பில் 10 பிட் கொடுத்திருக்கிறார்கள். கண் வைக்கும் துளையை மட்டும் இன்னும் கொடுக்கவில்லை.

கடனும் கணக்கும்

இதையெல்லாம் கேட்டுவிட்டு, இரண்டு லட்ச ரூபாய்க்கு மேல் தவணை போட்டு ஒரு முழு ஃபிரேம் பாடியை வாங்கிவிட்டு, லென்ஸுக்குக் காசில்லாமல் கூடவே வந்த கிட் லென்ஸில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். இருட்டு மண்டபத்தில் அந்த லென்ஸ் ஒளியை உள்ளே விடாது. விலை குறைந்த பாடியும் எஃப் 1.8 லென்ஸும் அதைவிட நல்ல படம் தரும். பாடியின் விலை ஆண்டுக்கு ஆண்டு சரியும். நல்ல லென்ஸ் அடுத்த பாடிக்கும் உழைக்கும். மைக், கூடுதல் பேட்டரி, வேகமான கார்டு ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்காமல் பாடி வாங்குவது, மாட்டை வாங்கிவிட்டுக் கயிற்றுக்குக் கடன் கேட்பது மாதிரி.

வீட்டுக்குப் பொதுவாக ஒன்று, பிள்ளைகள் ரீல்ஸ் எடுக்க, கோயில் விசேஷம் எடுக்க என்றால் ஆர்50 தாராளமாகப் போதும். குளமும் பறவையும்தான் ஆசை என்றால் ஏ6700, அல்லது தூறலுக்கும் தூசிக்கும் ஈடுகொடுக்கும் ஓஎம்-1. கல்யாணம்தான் பிழைப்பு என்றால் எஸ்5 மார்க் 2 கொடுக்கும் காசுக்கு அதிகம் திருப்பித் தருகிறது. ஆட்டோஃபோகஸில் சோனியும் கேனானும் ஒரு படி மேல்தான், ஆனால் சூட்டில் நிற்காமல் ஓடுவது அதைவிட முக்கியம். கோவையில் கேமராக்கள் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. தவணை கட்டத் தொடங்குவதற்கு முன், வாடகைக்கு எடுத்து ஒரு விடியற்காலை குளத்திலும் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்திலும் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

குளத்துக்கு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. வலசைப் பறவைகளைப் பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மிரர்லெஸ்ஸில் ஷட்டர் சத்தம் இல்லாமல் எடுக்கலாம் என்பதால் பறவைக்கு நிம்மதி. ஆனால், நெருங்கிப் போக ஆசைப்பட்டுச் சேற்றில் இறங்கிக் கூட்டைக் கலைப்பவர்களுக்கு எந்தக் கேமராவும் உதவாது. கரையிலேயே ஓரிடத்தில் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் முக்குளிப்பான் தானாகப் பக்கத்தில் வந்து தலையைத் தூக்கும்.

எடுத்ததை எங்கே வைப்பது என்பதையும் வாங்கும்போதே யோசிக்க வேண்டும். சாதாரண 4கே பதிவே ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 45 ஜிபி. மூன்று கேமராக்கள் எட்டு மணி நேரம் ஓடினால் ஒரு டெராபைட் தாண்டிவிடும். 1930-களில் வந்த தமிழ்ப் படங்களில் பலவற்றின் பிரதி இன்று எங்குமே இல்லை. சட்டென்று தீப்பிடிக்கும் ஃபிலிம், கவனிப்பார் இல்லாத கிடங்கு. சென்ட்ரல் ஸ்டூடியோவைத் தேடி வருபவர்களுக்கும் சிங்காநல்லூரில் காட்ட அந்தச் சாலை மட்டும்தான் இருக்கிறது. பீரோவில் கிடக்கும் ஹார்டு டிஸ்க் ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிடும். கல்யாண வீடியோ கைக்கு வந்ததும் இரண்டு பிரதி போட்டு, ஒன்றை மாமன் வீட்டில் கொடுத்து வைக்கச் சொல்கிறார்கள் அனுபவப்பட்ட வீடியோகிராபர்கள்.